கொசு, எலி, கார்ப்பரேஷன் புகார்: சென்னையில ஒரு பில்டிங்கை நாமளே இன்ஸ்பெக்‌ஷன் பண்றது எப்படி? முழு வழிகாட்டி

போன வருஷம் ஐப்பசி அடைமழையில எங்க ஃபிளாட் மூணாவது மாடி பாப்பாவுக்கு காய்ச்சல் வந்து ரெண்டாவது நாளே டெங்கு பாசிடிவ்னு சொல்லிட்டாங்க. அன்னிக்கு சாயங்காலம் அசோசியேஷன் வாட்ஸ்அப் குரூப் முழுக்க ஒரே பேச்சு, "புகை அடிக்க சொல்லுங்க, புகை அடிக்க சொல்லுங்க". நானும் அதையேதான் கேட்டேன். மறுநாள் காலையில வார்டுல இருந்து கொசு ஒழிப்பு வேலை பாக்கற ஒரு அக்கா டார்ச்சோட வந்தாங்க. மொட்டை மாடிக்குப் போவாங்கன்னு பாத்தா நேரா அந்த பாப்பா வீட்டு கிச்சனுக்குப் போய் ஃப்ரிட்ஜை கொஞ்சம் முன்னாடி இழுக்க சொன்னாங்க. பின்பக்கம் அடியில கம்ப்ரெசர் மேல ஒரு டிரே இருக்கும்ல, அதுல டார்ச் அடிச்சா அரை டம்ளர் தண்ணி, அதுல பத்து பதினஞ்சு புழு, வெளிச்சம் பட்டதும் வளைஞ்சு வளைஞ்சு அடிக்குப் போகுது. அந்த வீட்டுக்காரங்களுக்கு அப்படி ஒரு டிரே இருக்கறதே தெரியாது. எங்க வீட்லயும் பாத்தாங்க. எங்க டிரேலயும் இருந்துச்சு.

அன்னிக்கு அந்த அக்கா கூடவே 24 வீடும் ஏறி இறங்கினேன், அதுக்கப்புறம் வாரா வாரம் நானே பண்றேன். அந்த அனுபவத்துல தெரிஞ்சதையும் விசாரிச்சு படிச்சு தெரிஞ்சுக்கிட்டதையும் சேர்த்து எழுதறேன். சென்னை கார்ப்பரேஷன் ஏரியாவை வெச்சு எழுதியிருக்கேன், வேற ஊர்னா அந்த நகராட்சி சானிட்டரி இன்ஸ்பெக்டரைப் பிடிச்சா இதே முறைதான்.

முதல்ல எந்த கொசுன்னு தெரிஞ்சுக்கங்க

இதை தாண்டிப் போயிடாதீங்க, ஏன்னா எந்த கொசுங்கறதை வெச்சுதான் எங்க தேடணும், யார்கிட்ட புகார் சொல்லணும் எல்லாமே மாறுது. சென்னையில நமக்கு முக்கியம் மூணு.

ஒண்ணு ஏடிஸ், டெங்கு பரப்பறது. கறுப்பு உடம்புல வெள்ளைப் புள்ளி, கால்ல வெள்ளை வளையம். பகல்ல கடிக்கும், காலையில விடிஞ்ச ரெண்டு மூணு மணி நேரமும் சாயங்காலம் இருட்டறதுக்கு முன்னாடியும் ரொம்ப. இது சாக்கடையில வளராது, நம்ம வீட்டுக்குள்ளயும் சுத்தியும் தேங்கற நல்ல தண்ணியிலதான் வளரும். அதுவும் ரொம்ப தூரம் பறக்காது, சில நூறு மீட்டருக்குள்ளேயே முடிஞ்சுடும். அதனால உங்களைக் கடிக்கற ஏடிஸ் அனேகமா உங்க காம்பவுண்ட்லயோ பக்கத்து காம்பவுண்ட்லயோ பொறந்ததுதான்.

ரெண்டாவது கியூலெக்ஸ். ராத்திரி காதுகிட்ட ரீங்காரம் போட்டு தூங்க விடாத கொசு. சாக்கடை, செப்டிக் டேங்க், அடைச்சுக்கிட்ட மழைநீர் வடிகால், ஆகாயத்தாமரை மூடின கால்வாய் இதெல்லாம் அதோட இடம். யானைக்கால் நோய் பரப்பறது இதுதான். கூவம், பக்கிங்ஹாம் கால்வாய் பக்கத்துல இருக்கறவங்க படற அவஸ்தையில பெரும்பகுதி இந்தக் கொசுதான்.

மூணாவது அனோபிலிஸ் ஸ்டீபன்சி, நகரத்துல மலேரியா பரப்பறது. இதுக்கு கிணறும் மூடாத ஓவர்ஹெட் டேங்க்கும்தான் வீடு. பழைய சென்னையில மலேரியா அவ்வளவு வருஷம் நின்னதுக்கு இந்தக் கிணறும் டேங்க்கும் பெரிய காரணம்.

புழுவைப் பாத்தே ஓரளவு சொல்லிடலாம். ஒரு வெள்ளை டப்பாவுல தண்ணியை மொண்டு வெச்சு அசையாம ரெண்டு நிமிஷம் பாருங்க. தண்ணி மேல்மட்டத்துக்கு இணையா படுத்த மாதிரி மிதந்தா அனோபிலிஸ். தலைகீழா தொங்கினா மத்த ரெண்டுல ஒண்ணு, அதுல வால்பக்கம் மூச்சுக்குழல் குட்டையா தடிமனா இருந்தா ஏடிஸ், நீளமா ஒல்லியா இருந்தா கியூலெக்ஸ். கமா போட்ட மாதிரி சுருண்டு உருண்டு போறது கூட்டுப்புழு. அது தெரிஞ்சா ரெண்டு நாள்ல கொசுவா பறக்கப் போகுதுன்னு அர்த்தம், அந்த தண்ணியை அன்னிக்கே கொட்டிடணும்.

வாரம் ஒரு நாள் ரவுண்டு

நம்ம ஊரு சூட்டுக்கு முட்டையில இருந்து கொசுவா பறக்க ஏழுல இருந்து பத்து நாள் ஆகும். அதனால ஏழு நாளைக்கு ஒரு தடவை சுத்தினா போதும், ஆனா அந்த ஏழு நாளை விடவே கூடாது. நாங்க ஞாயித்துக்கிழமை காலை ஏழு மணின்னு வெச்சிருக்கோம், முதல்ல ரெண்டு பேரு வந்தாங்க, இப்ப ஆறேழு பேரு வர்றாங்க, பசங்கதான் அதிகம் கண்டுபிடிக்கறாங்க.

எடுத்துட்டுப் போக வேண்டியது நல்ல டார்ச், வெள்ளை கப், தேய்க்கற பிரஷ், ஒரு நோட்டு. மேல இருந்து கீழ வாங்க, அப்பதான் எதுவும் விடுபடாது.

மொட்டை மாடியில முதல்ல டேங்க் மூடி. மூடி இருக்கான்னு மட்டும் பாக்காதீங்க, ஒரு விரல் நுழையற இடைவெளி இருந்தாலே கொசு போயிடும். ஓவர்ஃப்ளோ பைப், காத்து போற பைப் வாய்க்கு நைலான் வலை கட்டணும், நிறைய பேர் விடற இடம் இதுதான். அப்புறம் உடைஞ்ச சின்க், பழைய வாஷ்பேசின், பெயிண்ட் டப்பா, மடிச்சு போட்ட தார்பாயோட மடிப்பு, கவுத்து வைக்காத பூந்தொட்டி தட்டு. செப்டிக் டேங்க் வென்ட் பைப் மேல வலைத்துணி கட்டிடுங்க, கியூலெக்ஸ் குறையும், செலவு அம்பது ரூபா கூட ஆகாது.

அடுத்து சன்ஷேடு. மழை நின்னு மூணு நாள் ஆனப்புறமும் தண்ணி நின்னா அங்க சரிவு சரியில்லை, இலையும் குப்பையும் துளையை அடைச்சிருக்கும்.

வீட்டுக்குள்ள ஃப்ரிட்ஜ் டிரே, ஏசி தண்ணிக்கு வெச்ச பக்கெட், மணிபிளாண்ட் பாட்டில், யாரும் புழங்காத பாத்ரூமோட ஃபிளஷ் டேங்க், வாரக்கணக்குல பிடிச்சு வெச்ச டிரம். மெட்ரோ தண்ணி ஒருநாள் விட்டு ஒருநாள் வர்ற தெருவுல டிரம் இல்லாம வாழ முடியாது, அது எனக்கும் தெரியும், அதனால டிரம்மை எடுன்னு யார்கிட்டயும் சொல்லாதீங்க, மூடி போடுங்க இல்லேன்னா பழைய வேட்டித் துணியை ரப்பர் கட்டி இறுக்குங்கன்னு சொல்லுங்க.

கீழ வந்தா லிஃப்ட் குழி, சம்ப் மூடி, வாட்டர் மீட்டர் குழி, மாடிப்படிக்கு அடியில கிடக்கற ஆட்டுக்கல், டயர், கொட்டாங்குச்சி, வாட்ச்மேன் பைக் மேல போட்ட கவர் கூட. ஆட்டுக்கல்லை மட்டும் தனியா சொல்றேன், அரைக்கறதை நிறுத்தி இருபது வருஷம் ஆனாலும் தூக்கிப் போட மனசு வராம வெளியில வெச்சிருப்பாங்க, அந்தக் குழியில ரெண்டு லிட்டர் மழைத்தண்ணி நிக்கும், ஏடிஸுக்கு அதைவிட வசதியான இடம் கிடையாது. மணலைப் போட்டு ரொப்பிடுங்க, கல்லும் இருக்கும் புழுவும் இருக்காது.

இதுல ரொம்ப முக்கியமான ஒண்ணு. தண்ணியைக் கொட்டினா மட்டும் பத்தாது. ஏடிஸ் முட்டையை தண்ணிக்குள்ள போடாது, தண்ணி மட்டத்துக்கு கொஞ்சம் மேல ஈரமா இருக்கற சுவத்துல கறுப்பு மிளகுத்தூள் மாதிரி ஒட்டி வெச்சிடும். காஞ்சு போனாலும் மாசக்கணக்குல உயிரோட இருக்கும், அடுத்த மழையில தண்ணி ஏறினதும் பொரிஞ்சுடும். அதனால டிரம், பக்கெட், டிரே எதுவா இருந்தாலும் பிரஷ் வெச்சு உள்சுவத்தை நல்லா தேய்ச்சுக் கழுவி வெயில்ல கவுத்துடுங்க. கழுவின தண்ணியை இன்னொரு பக்கெட்ல ஊத்தாதீங்க, மண்ணுல ஊத்துங்க.

நோட்டுல ஒரு கணக்கு எழுதுங்க. எத்தனை வீடு பாத்தீங்க, அதுல எத்தனை வீட்டுல புழு இருந்துச்சு, புழு இருந்த வீட்டுக் கணக்கை பாத்த வீட்டுக் கணக்கால வகுத்து நூறால பெருக்கினா அதுதான் ஹவுஸ் இண்டெக்ஸ். சுகாதாரத்துறை பாக்கறதும் இதே எண்தான். எங்களுக்கு முதல் வாரம் 24 வீட்டுல 3 வீடு, அதாவது 12.5. 5க்கு மேல போனாலே கவலைப்படணும். எந்தப் பொருள்ல புழு இருந்துச்சுன்னும் எழுதி வைங்க, ஒரு மாசத்துல உங்க பில்டிங்கோட பழக்கம் தெரிஞ்சுடும். எங்களுக்கு ஃப்ரிட்ஜும் பூந்தொட்டி தட்டும்தான் திரும்பத் திரும்ப வந்துச்சு.

கொட்ட முடியாத தண்ணிக்கு என்ன பண்றது

கிணறு, அலங்காரத் தொட்டி மாதிரி இடத்துக்கு கம்பூசியா மீன், இல்லேன்னா கப்பி மீன். ஒரு கிணத்துக்கு விட்டா புழுவைத் தின்னு தானே பெருகிக்கும். ஆனா ஏரி, குளத்துல கம்பூசியாவைக் கொண்டுபோய் விடாதீங்க, அங்க இருக்கற நம்ம நாட்டு மீன் குஞ்சையும் தின்னுடும்.

வீட்டுத் தொட்டிக்கு வார்டு ஆளுங்க ஊத்தற மருந்து அபேட், அதாவது டெமிஃபாஸ். குடிதண்ணியில விஷம் கலக்கறாங்கன்னு நினைச்சு கதவைத் திறக்காதவங்களை நிறைய பாத்திருக்கேன். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரைக்கும் குடிதண்ணித் தொட்டியிலேயே போடலாம்னு உலக சுகாதார நிறுவனம் ஏத்துக்கிட்ட மருந்து அது. ஆனா அளவு தெரியாம நீங்களா வாங்கி ஊத்தக் கூடாது, அவங்க வந்தா போட விடுங்க. சாக்கடைக்கும் கால்வாய்க்கும் பிடிஐன்னு ஒரு பாக்டீரியா மருந்து இருக்கு, புழுவை மட்டும் கொல்லும்.

ப்ளீச்சிங் பவுடர் போட்டா கொசுப்புழு செத்துடும்னு ஒரு நம்பிக்கை இருக்கு. குடிக்கற அளவு குளோரின்ல புழு சாகாது. ப்ளீச்சிங் வேற வேலைக்கு, வெள்ளத்தண்ணி சம்ப்ல கலந்துடுச்சுன்னா கழுவி ரொப்பிட்டு 1000 லிட்டருக்கு 4 கிராம், ஒரு பக்கெட்ல கரைச்சு தெளிஞ்ச தண்ணியை மட்டும் ஊத்தி ஒரு மணி நேரம் கழிச்சு புழங்கணும். குழாய் முனையில மீதி குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்கணும், பாக்கறதுக்கு சின்ன டெஸ்ட் கிட் கிடைக்குது. குடிக்கறதுக்கு எப்படியும் காய்ச்சிடுங்க.

புகை எதுக்கு, எதுக்கு இல்ல

புகை அந்த நேரத்துல பறந்துக்கிட்டு இருக்கற கொசுவை மட்டும்தான் கொல்லும். தண்ணியில இருக்கற புழுவை தொடக்கூட தொடாது, ரெண்டு நாள்ல அடுத்த செட் வந்துடும். ஏடிஸ் பெரும்பாலும் கட்டிலுக்கு அடியில, பீரோ பின்னாடி, தொங்கற துணிக்குள்ள ஒளிஞ்சிருக்கும், தெருவுல போற வண்டிப் புகை ஜன்னல் சாத்தின வீட்டுக்குள்ள எங்க போகும்? டெங்கு கேஸ் வந்த வீட்டுல உள்ளயே பைரித்ரம்ங்கற கொசு மருந்தை அடிக்கறாங்கன்னா அது சரியான வேலை, ஏன்னா வைரஸ் ஏறின கொசு அங்க இருக்கு. அப்ப சாப்பாடு, தண்ணியை மூடிட்டு, மீன் தொட்டி இருந்தா அதையும் மூடிட்டு, குழந்தைகளை வெளிய கூட்டிட்டுப் போயிட்டு அரை மணி நேரம் கழிச்சு ஜன்னலைத் திறந்துவிட்டு உள்ள வாங்க. வண்டி பின்னாடி பசங்க ஓடறதை தயவு செஞ்சு நிறுத்துங்க, டீசலோ மண்ணெண்ணெயோ கலந்த புகை அது.

புகார் எப்படி குடுக்கறது

சென்னை கார்ப்பரேஷனுக்கு 200 வார்டு, புகாருக்கு 1913, நம்ம சென்னை ஆப்பும் இருக்கு. "கொசு ஜாஸ்தியா இருக்கு"ன்னு சொன்னா ஒரு நாள் புகை வண்டி வரும், அதோட முடிஞ்சுடும். இடம், பொருள், நாள் மூணும் சொல்லுங்க. "இந்தத் தெரு, இந்த நம்பருக்கு எதிர்ல காலி மனை, 6 டயர், ஒரு உடைஞ்ச தொட்டி, இன்னிக்கு காலையில புழு பாத்தேன், போட்டோ இருக்கு"ன்னு சொல்லிப் பாருங்க, அந்தப் புகாரை யாராலும் சும்மா மூட முடியாது. புகார் எண்ணை நோட்டுல எழுதுங்க. வேலை நடக்காம மூடிட்டாங்கன்னா அதே போட்டோவை புதுத் தேதியில எடுத்து மறுபடி போடுங்க. நான் ஒரு வடிகாலுக்கு நாலு தடவை போட்டிருக்கேன், நாலாவது தடவை சானிட்டரி இன்ஸ்பெக்டரே போன் பண்ணி "சார் ஸ்பாட்டுக்கு வாங்க, எதுன்னு காட்டுங்க"ன்னாரு, போய் நின்னு காட்டினேன், அன்னிக்கு மதியமே தூர் வாரினாங்க.

நிறைய பேருக்கு நேரம் வீணாகறது தப்பான இடத்துல கேக்கறதால. கழிவுநீர் மேன்ஹோல்ல பொங்கினா அது மெட்ரோ வாட்டர், 1916. மழைநீர் வடிகால் அடைப்பு, குப்பை, கொசு, எலி எல்லாம் கார்ப்பரேஷன். மழைநீர் வடிகால்ல யாரோ கழிவுநீர் லைனை சேர்த்து விட்டிருந்தா ரெண்டு பக்கமும் புகார் போடுங்க, அந்த வடிகால்லதான் வருஷம் பூரா கியூலெக்ஸ் வளருது.

அடுத்தவங்க இடத்துல புழு வளந்தா சட்டம் இருக்கு. சென்னை மாகாணத்துல 1939லயே பொது சுகாதார சட்டம் கொண்டு வந்துட்டாங்க, இன்னிக்கும் தமிழ்நாட்டுல அதுதான் அடிப்படை. கொசு வளர்ற மாதிரி தண்ணி தேக்கக் கூடாதுன்னு அதுலயே இருக்கு, இடத்துக்காரருக்கு நோட்டீஸ் குடுத்து செய்ய வைக்கற அதிகாரம் அதிகாரிக்கு இருக்கு. முக்கியமா கட்டட வேலை நடக்கற சைட்டு. கான்கிரீட் மேல கியூரிங்குக்கு கட்டின தண்ணி, பேஸ்மென்ட், லிஃப்ட் குழி, தொழிலாளிங்க பிடிச்சு வெச்ச தொட்டி எல்லாமே வாரக்கணக்குல நிக்கும். முதல்ல மேஸ்திரிகிட்ட நேர்ல பேசுங்க, அங்க தங்கியிருக்கற தொழிலாளிங்கதான் முதல்ல கடி வாங்கறாங்க, அவங்களுக்கும் காய்ச்சல் வந்தா பாக்க ஆள் கிடையாது. பேசி ரெண்டு வாரத்துல மாறலேன்னா 1913.

எலி

மழைக்காலத்துல எலிக்காய்ச்சல் வர்றது எலி மூத்திரம் கலந்த தண்ணியில நடக்கறதால, கால்ல சின்ன புண்ணு இருந்தா போதும். தேங்கின தண்ணியில நடந்து ஒண்ணு ரெண்டு வாரத்துல காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தா டாக்டர்கிட்ட "தண்ணியில நடந்தேன்"னு மறக்காம சொல்லுங்க.

எலிக்கு மருந்து வைக்கறது கடைசி வேலை. முதல்ல சாப்பாட்டை நிறுத்துங்க: ஈரக்குப்பை டப்பாவுக்கு இறுக்கமான மூடி, ராத்திரி குப்பையை வெளிய வைக்காதீங்க, தெருநாய்க்கு வெச்ச சாதம் மிச்சம் கிடந்தா எடுத்துடுங்க. ரெண்டாவது வழியை அடைங்க. அரை அங்குல ஓட்டை போதும் எலிக்கு, சுண்டெலிக்கு பென்சில் நுழையற ஓட்டை போதும். பைப் சுவத்துக்குள்ள போற இடம், கதவடி இடுக்கு, பாத்ரூம் ஜாலி. வெறும் சிமெண்ட் பூசினா காயறதுக்குள்ள தோண்டிடும், இரும்பு நார் திணிச்சு மேல பூசுங்க. எது புழங்கற வளைன்னு தெரியணும்னா ராத்திரி வளை வாய்ல நியூஸ்பேப்பரை உருட்டி அடைச்சு வைங்க, காலையில தள்ளியிருந்தா அதுதான். மூணாவதாதான் பொறி. எலி சுவரை ஒட்டியே ஓடும், அதனால ஹால் நடுவுல வெச்சா மாட்டாது.

புழுக்கையைக் காஞ்ச துடைப்பத்தால பெருக்காதீங்க, ப்ளீச்சிங் கரைசல் தெளிச்சு பத்து நிமிஷம் விட்டு கிளவுஸ் போட்டுத் துடைங்க.

விஷம் பத்தி கொஞ்சம் கண்டிப்பாவே சொல்றேன். மஞ்சள் பாஸ்பரஸ் பேஸ்ட்டு பக்கமே போகாதீங்க, கல்லீரலை அழிச்சுடும், முறிவு மருந்து கிடையாது, தமிழ்நாட்டுல அது எத்தனை உயிரைக் குடிச்சிருக்குன்னு எந்த அரசு ஆஸ்பத்திரி டாக்டரைக் கேட்டாலும் சொல்வாங்க. ஜிங்க் பாஸ்பைடும் அப்படித்தான், ஈரம் பட்டா பாஸ்பீன் வாயு வரும், முறிவு கிடையாது. புரோமடியலோன் கட்டி மெதுவா வேலை செய்யும், வைட்டமின் கே1 முறிவா இருக்கு, ஆனா அதையும் பூட்டற டப்பாவுக்குள்ள வெச்சு குழந்தை, நாய், பூனை தொடாத இடத்துலதான் வைக்கணும்.

பெஸ்ட் கன்ட்ரோல் ஆளைக் கூப்பிடறதுக்கு முன்னாடி

2024 நவம்பர்ல குன்றத்தூர் பக்கம் ஒரு ஃபிளாட்ல கம்பெனி ஆளு வந்து எலி மருந்து வெச்சுட்டுப் போன வீட்ல ஏசி போட்டுத் தூங்கின குடும்பத்துல ரெண்டு சின்னப் பிள்ளைங்க இறந்துட்டாங்க, அப்பா அம்மா ஆஸ்பத்திரியில கிடந்தாங்க. அந்த செய்தியைப் படிச்ச அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் இல்ல, ஏன்னா அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடிதான் நான் ஒரு ஆளைக் கூப்பிட்டு என்ன மருந்துன்னு கூட கேக்காம வீடு முழுக்க வைக்க விட்டிருந்தேன்.

அதனால கேளுங்க, கூச்சப்படாதீங்க. பூச்சிக்கொல்லி சட்டப்படி அவங்களுக்கு லைசென்ஸ் வேணும், காப்பி காட்ட சொல்லுங்க. மருந்தோட ஒரிஜினல் பாக்கெட்டை லேபிளோட காட்ட சொல்லி போட்டோ எடுங்க, பேர் இல்லாத பாட்டில்ல கலந்து கொண்டு வந்தா திருப்பி அனுப்பிடுங்க. லேபிள்ல முக்கோணம் இருக்கும், சிவப்புன்னா ரொம்ப கொடிய விஷம், அடுத்து மஞ்சள், நீலம், பச்சைன்னு குறையும். சிவப்பு முக்கோணம் வீட்டுக்குள்ள வரவே கூடாது. அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை தானிய கோடவுனுக்கானது, பயிற்சி பெத்த ஆளுங்க மட்டும் தொடறது, வீட்ல "இது ஸ்ட்ராங்கா இருக்கும் சார்"னு யாராவது எடுத்தா அப்பவே வெளிய அனுப்புங்க. எத்தனை மணி நேரம் வீட்ல இருக்கக் கூடாதுன்னு எழுதி வாங்குங்க, வந்ததும் எல்லா ஜன்னலும் திறந்து ஃபேன் போடுங்க, அன்னிக்கு ராத்திரி மூடின ஏசி ரூம்ல படுக்காதீங்க. தலைவலி, வாந்தி, மூச்சு முட்டல் வந்தா உடனே வெளிய வந்து 108, அந்த லேபிள் போட்டோவை டாக்டர்கிட்ட காட்டுங்க.

கரப்பானுக்கு ஸ்பிரே வேண்டாம், ஜெல் வைக்க சொல்லுங்க, கீல் இடுக்குல, சின்க் அடியில பொட்டு பொட்டா வெச்சா போதும்.

காய்ச்சல் கேஸ் வந்துட்டா

டெங்குவான்னு பாக்க, காய்ச்சல் வந்து முதல் அஞ்சு நாளுக்குள்ளன்னா என்எஸ்1 ரத்த டெஸ்ட், அதுக்கப்புறம்னா ஐஜிஎம் எலிசா. பாராசிட்டமால் மட்டும், ஆஸ்பிரின், புரூஃபன் மாதிரி வலி மாத்திரை தொடவே கூடாது, ரத்தக்கசிவு கூடிடும். காய்ச்சல் விட்ட நாள்தான் ஆபத்தான நாள், வயித்துவலி, தொடர்ந்து வாந்தி, ஈறுல ரத்தம், மந்தம் இதுல எது வந்தாலும் ஆஸ்பத்திரி. நோயாளியை பகல்லயும் கொசுவலைக்குள்ள படுக்க வைங்க, அவங்களைக் கடிச்ச கொசுதான் அடுத்த வீட்டுக்குப் போகும்.

டெங்கு வந்தா ஆஸ்பத்திரி அரசுக்கு தெரிவிக்கணும், அதை வெச்சுதான் வார்டு டீம் உங்க வீட்டையும் சுத்தி இருக்கற வீடுகளையும் பாக்க வரும். அவங்களுக்காகக் காத்திருக்காம 1913லயும் சொல்லிடுங்க. வர்ற நாள் தெரிஞ்சா முந்தின நாளே வீடு வீடா போய் சொல்லி வைங்க, வயசானவங்க தனியா இருக்கற வீட்டுக்கு தெரிஞ்ச முகம் ஒண்ணு கூடப் போனா கதவு திறப்பாங்க. பூட்டிக்கிடக்கற வீட்டுக்கு சாவி யார்கிட்ட இருக்குன்னு விசாரிச்சு வாங்கி வைங்க, எங்க பில்டிங்ல அமெரிக்காவுல இருக்கறவங்களோட ரெண்டு ஃபிளாட்டு மூடிக் கிடந்துச்சு, சாவி வாங்கித் திறந்தப்ப ஒண்ணுல வெஸ்டர்ன் டாய்லெட் முழுக்க புழு.